பந்தூன் கட்டப் பழகுவோருக்கு: மலாய் நாலடிக் கவிதைக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வந்து சேரும் தமிழர்கள், கடைத்தெருவில் பேரம் பேசவும் அலுவலகத்தில் சமாளிக்கவும் தேவையான மலாயைச் சில மாதங்களிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு திருமண விருந்திலோ பணி ஓய்வு விழாவிலோ யாராவது எழுந்து நின்று நான்கே அடிகளைச் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் முதலிரண்டு அடிகளுக்குப் புன்னகைத்துக் கடைசி அடியில் கைதட்டும்போது, சொற்களெல்லாம் தெரிந்தும் அதில் என்ன நடந்தது என்பது புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. அந்த நாலடிதான் பந்தூன். நாடாளுமன்ற உரை முதல் பள்ளிக்கூடக் கலைவிழா வரை அதற்கு இடம் உண்டு. ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் வரலாற்று நூலிலும் பந்தூன்கள் உள்ளன. 2020ஆம் ஆண்டு இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து விண்ணப்பித்து, யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அதைச் சேர்க்கச் செய்தன.

இந்தக் கட்டுரை, பந்தூனைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், சொந்தமாக ஒன்றைக் கட்டி நாலு பேர் நடுவில் கூச்சமின்றிச் சொல்லவும் விரும்புகிறவர்களுக்கானது. இலக்கிய மலாய் தேவையில்லை. பேச்சு மலாயும், ஓர் அகராதியும், கொஞ்சம் பொறுமையும் போதும். மலாய் அடிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மலாயில் சொல்லின் இறுதியில் வரும் மெல்லிய ஹகர மூச்சைத் தமிழ் எழுத்தில் விட்டிருக்கிறேன்; வல்லின எழுத்துகளின் அழுத்தமும் மென்மையும் நம் எழுத்தில் தெரியாதவை என்பதால், ஒவ்வோர் அடியையும் மலாய் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதற்படி: நாலடியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்

தொடக்கக்காரர்களுக்கென்றே பிறந்தது போன்ற ஒரு பழம் பந்தூன் இருக்கிறது. அதைப் பாடியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதை அறியாத மலாய்க் குழந்தையும் இராது.

புவா செம்பெடாக் டி லுவார் பாகார்,
அம்பில் காலா தோலோங் ஜோலொக்கான்;
சாயா பூடாக் பாரு பெலாஜார்,
காலாவ் சாலா தோலோங் துன்ஜுக்கான்.

வேலிக்கு வெளியே செம்பெடாக் பழம் தொங்குகிறது, கழியை எடுத்துக் குத்தித் தள்ளிக் கொடுங்கள். நான் இப்போதுதான் கற்கத் தொடங்கிய பிள்ளை, தவறிருந்தால் எடுத்துக் காட்டுங்கள் என்பது இதன் பொருள். செம்பெடாக் என்பது பலா இனத்தைச் சேர்ந்த, பலாவைவிடச் சிறிய, மணம் தூக்கலான பழம்; பருவத்தில் சாலையோரக் கடைகளில் சுளைகளை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள்.

முதலிரண்டு அடிகளுக்குப் பெம்பாயாங் என்று பெயர்; பின்வருவதன் நிழலை முன்கூட்டிக் காட்டும் பகுதி அது. பின்னிரண்டு அடிகளுக்கு மக்சூட் என்று பெயர். சொல்ல வந்த செய்தி அங்கேதான் இருக்கிறது. இந்தப் பிரிவு உள்ள நாலடிதான் பந்தூன். நான்கு அடிகளும் ஒரே இயைபில் முடிந்து, நான்குமே செய்தியைச் சொல்லிக்கொண்டு போனால் அது ஷாயிர் என்ற வேறு வடிவம். கதை சொல்லவும் நீண்ட அறிவுரை கூறவும் அது பயன்பட்டது. நான்கு அடி இருப்பதெல்லாம் பந்தூன் என்று எண்ணி, ஷாயிரைப் பந்தூன் என்று பாராட்டிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நிகழ்வது.

இரண்டாம் படி: விரல்விட்டு எண்ணுங்கள்

யாப்பிலக்கணம் கொஞ்சம் படித்த தமிழருக்கு இங்கே ஒரு வசதியும் ஓர் இடைஞ்சலும் உண்டு. வசதி என்னவென்றால், அடி இறுதியில் ஓசை ஒன்றிவரும் இயைபுத் தொடை நமக்குப் புதிதல்ல. முதலடி மூன்றாமடியோடும் இரண்டாமடி நான்காமடியோடும் இயைய வேண்டும். மேலே உள்ள பந்தூனில் பாகார் – பெலாஜார், ஜோலொக்கான் – துன்ஜுக்கான் என்று அது அமைந்திருக்கிறது. இடைஞ்சல், நம் காது எதுகையையும் மோனையையும் அடியின் தொடக்கத்தில் தேடிப் பழகியிருப்பது. பந்தூனில் அடித் தொடக்கம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. முடிவு பிசகினால் மட்டும் கேட்பவர் முகம் சுளிப்பார்.

அடுத்தது அசைக் கணக்கு. நேரசை, நிரையசை, குறில், நெடில் ஆகியவற்றை மறந்துவிடுங்கள். ஓர் உயிரொலி ஓர் அசை, அவ்வளவுதான். அடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு அசை வரை வரலாம். பெரும்பாலான நல்ல பந்தூன்கள் ஒன்பதிலோ பத்திலோ நிற்கும். செம்பெடாக் பந்தூனின் முதலடியில் பத்து அசைகள், மற்ற மூன்றிலும் ஒன்பது. ‘காலாவ்’ போன்ற சொல்லின் இறுதியில் வரும் ஔகார ஒலியையும், ‘சுங்ஙாய்’ போன்ற சொல்லின் இறுதியில் வரும் ஐகார ஒலியையும் ஒரே அசையாகக் கொள்ள வேண்டும்.

இவை கட்டாயங்கள். கட்டாயமில்லாத, ஆனால் கைதேர்ந்தவர்கள் விடாத ஒன்று இருக்கிறது: அடியின் நடுவிலும் ஓசை ஒன்ற வேண்டும். செம்பெடாக் என்பதற்குப் பூடாக் பதில் சொல்கிறது. காலா என்பதற்குச் சாலா பதில் சொல்கிறது. இந்த நடு ஓசையைக் கேட்கப் பழகிய பிறகுதான், அவையில் சிலர் முதலிரண்டு அடி முடிந்ததுமே அடுத்து என்ன வரும் என்று ஊகித்துப் புன்னகைப்பது ஏன் என்று விளங்கும். நான் அறிந்தவரை, பந்தூனின் இன்பத்தில் பாதி இந்த ஊகத்தில் இருக்கிறது.

மூன்றாம் படி: முன்னிரண்டு அடிகளைத் தாண்டி ஓடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் ஒருவர் ஒழுங்காகச் செய்யப்போகிறார் என்றால், அது இந்தப் படியாக இருக்கட்டும். பெம்பாயாங் வெறும் ஓசைக்காக வைக்கப்பட்ட நிரப்பு, செய்தி பின்னிரண்டு அடிகளில்தான் என்று பாடப்புத்தகச் சுருக்கங்களைப் படித்தவர்கள் சொல்வதுண்டு. ஆய்வாளர்களிடையிலும் இந்த வாதம் நூறாண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. 1933இல் இந்தோனேசிய அறிஞர் ஹுசைன் ஜாயாடிநிங்ராட் பந்தூனின் பின்னணியில் மந்திரச் சொற்களின் மரபைக் கண்டு எழுதினார். எல்லாப் பந்தூனிலும் இரு பாதிகளுக்கும் பொருள் தொடர்பு உண்டு என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் நிலைத்து நின்ற பழம் பந்தூன்களை எடுத்துப் பார்த்தால், முன்பாதியில்தான் மலாய் வாழ்க்கை முழுவதும் கொட்டிக் கிடக்கிறது: வயல், வேலி, படகு, ஆற்றுத்துறை, கொல்லைச் செடி, சமையலறைப் பண்டம். பின்பாதி சொல்லும் அன்பு, பிரிவு, நன்றி, அறிவுரை எந்த நாட்டுக் கவிதையிலும் கிடைக்கும். முன்பாதி இங்கு மட்டுமே கிடைக்கும்.

செம்பெடாக்கையே எடுத்துக்கொள்வோம். பழம் வேலிக்கு வெளியே இருக்கிறது. சிறுவன் கைக்கு எட்டாது. கழி வைத்திருக்கும் பெரியவர் மனம் வைத்தால் கிடைக்கும். கல்வியும் அப்படித்தான் என்று பின்பாதி சொல்லவில்லை; தவறைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறது. இரண்டையும் சேர்ப்பது கேட்பவரின் வேலை. அகப்பாடலில் யானையையும் குருகையும் காட்டிவிட்டுத் தலைவனின் செயலைச் சொல்லாமல் விடும் உள்ளுறையோடு பழகிய தமிழ் வாசகர் இதில் தடுமாற மாட்டார். நம் உள்ளுறை பாட்டின் உடலுக்குள்ளேயே பின்னிக் கிடக்கும். பந்தூனில் கோடு போட்டுப் பாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, பிரிவு வேளைகளில் சொல்லப்படுவது:

துவாய் பாடி அந்தாரா மாசாக்,
ஏசோக் ஜாஙான் லாயு-லாயுவான்;
இந்தாய் காமி அந்தாரா நம்பாக்,
ஏசோக் ஜாஙான் ரிண்டு-ரிண்டுவான்.

நெல் பழுத்துக்கொண்டிருக்கும் பருவத்திலேயே அறுத்துவிடு, நாளை வாடிப்போக விடாதே. கண்ணுக்குத் தெரியும்போதே எங்களைப் பார்த்துக்கொள், நாளை ஏங்கித் தவிக்காதே. அடிக்கு ஒன்பது அசையாக நான்கு அடிகளும் தராசுத் தட்டில் நிறுத்தது போல் இருக்கின்றன. ஆனால் முதற்சொல்லைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். துவாய் என்பது அறுவடை செய்வதையும் குறிக்கும், அதற்கான கருவியையும் குறிக்கும். ஒரு சிறு மரத்துண்டில் பதித்த விரல்நீளத் தகடு அந்தக் கருவி. அதை உள்ளங்கைக்குள் மறைத்துப் பிடித்து, கதிரை விரலால் இழுத்து, ஒவ்வொன்றாகக் கொய்வார்கள். நெல்லுக்குச் செமாஙாட் பாடி என்ற உயிராற்றல் ஒன்று உண்டு, அது எளிதில் அஞ்சக்கூடியது, பளிச்சென்று பெரிய அரிவாளைக் கண்டால் வயலை விட்டுப் போய்விடும் என்பது பழைய மலாய் உழவர்களின் நம்பிக்கை. ஆகவே முதற்கதிர்களைக் கொய்வது சடங்காகவே நடந்தது. கொய்தவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று தனியே காத்து வைத்தார்கள். இன்றைய கெடா வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. துவாயைப் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். இருந்தாலும் அந்த முதற்சொல்லில், அச்சப்படுத்தாமல், மெல்ல, உரிய நேரத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றைப் பற்றிய பேச்சு இது என்ற குறிப்பு இருக்கிறது. பின்பாதியில் வரும் பிரிவு அதனால்தான் அத்தனை மென்மையாக ஒலிக்கிறது.

ஆகவே ஒரு பந்தூனைக் கேட்டால் அல்லது படித்தால், முன்பாதியில் வரும் ஒவ்வொரு பொருளையும் தேடிப் பாருங்கள். மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அகராதியில் சொற்பொருள் கிடைக்கும். செடி, பழம் என்றால் காலைச் சந்தைக்குப் போய்க் கேட்பது இன்னும் நல்லது. ஒரு கீரைக் கட்டைக் காட்டிப் பெயர் கேட்டால் அதன் சமையல் குறிப்பையும், பல வேளைகளில் அது வரும் ஒரு பந்தூனையும் சேர்த்தே சொல்லும் மாக் சிக், அதாவது அத்தை முறை வைத்து அழைக்கப்படும் மூத்த பெண், எந்தச் சந்தையிலும் ஒருவராவது இருப்பார். இடப்பெயர் வந்தால் நிலப்படத்தில் பாருங்கள். ‘குனோங் டாயிக் பெர்ச்சாபாங் தீகா’ என்று புகழ்பெற்ற ஓர் அடி உண்டு. மூன்று கிளையாய்ப் பிரிந்த டாயிக் மலை என்று பொருள். அந்த மலை கற்பனை அன்று. ரியாவ் தீவுகளைச் சேர்ந்த லிங்காவில், ஒரு காலத்தில் சுல்தான்கள் ஆண்ட டாயிக் ஊருக்குப் பின்னால் இன்றும் நிற்கிறது. உடல் மண்ணில் கரைந்தாலும் ஒருவர் செய்த நன்மை நினைக்கப்படும் என்று அந்தப் பந்தூன் முடிகிறது.

சில பொருள்களுக்கு நிலைத்த குறிப்புகள் இருப்பதையும் நாளடைவில் காண்பீர்கள். செலாசே, அதாவது நம்மூரில் திருநீற்றுப்பச்சை என்று அழைக்கப்படும் செடி, வந்துவிட்டால் அடுத்து அன்பு வரும். வெற்றிலை வந்தால் வரவேற்போ பெண் கேட்டலோ நடக்கப்போகிறது. மலரும் வண்டும் யார் யார் என்று எந்தத் தமிழருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: சொல்லப்படும் இடங்களுக்குப் போய்க் கேளுங்கள்

ஏட்டில் படிப்பதைவிடப் பந்தூன் வாய்ப்பேச்சில்தான் உயிரோடு இருக்கிறது. உங்கள் மலாய் நண்பர் வீட்டில் பெண் கேட்கும் சடங்கு நடக்கிறது, வாருங்கள் என்று அழைத்தால் தவறவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பேச நியமிக்கப்பட்ட பெரியவர், வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காம்பீர் என்னும் துவர்ப்புப் பொருள் முதலியவை வைத்த தெப்பாக் சிரே என்னும் பெட்டியை முன்னால் நகர்த்திவிட்டு, ‘இந்தத் தோட்டத்தில் ஒரு மலர் இருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதற்கு உரியவர் இருக்கிறாரா?’ என்கிற பாங்கில் தொடங்குவார். பெண் வீட்டுப் பெரியவர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். அவரும் ஒரு பந்தூனில்தான் திருப்பித் தருவார். இந்த வேளைகளில் விருந்தினர் செய்யவேண்டியது ஒன்றே: செருப்பை வாசலில் விட்டு, காட்டிய இடத்தில் அடக்கமாக அமர்ந்து, கேட்பது. கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டுமானால் வீட்டாரை முன்கூட்டிக் கேளுங்கள்.

பந்தூனை இசையோடு கேட்க விரும்புவோர் மலாக்காவுக்குப் போக வேண்டும். டொன்டாங் சாயாங் என்ற கலையில் வயலின் முன்செல்ல, ரெபானா என்னும் தோற்கருவியும் கோங் மணியும் தாளம் வைக்க, இரு பாடகர்கள் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு மாறி மாறிப் பந்தூன் பாடுவார்கள். தேர்ந்தவர்கள் அங்கேயே கட்டிப் பாடுவார்கள். 2018இல் அது யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதை மலாய்க்காரர் மட்டும் பாடவில்லை. மலாய்ப் பண்பாட்டில் கலந்துவிட்ட, பாபா ஞோஞா என்னும் பெரானாக்கான் சீனரும், போர்த்துகீசிய வழியினரும், மலாக்கா செட்டிகளும் பாடுகிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வந்து, இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இந்தச் செட்டிகள். காஜா பெராங் பகுதியில் அவர்களின் குடியிருப்பும் கோயில்களும் உள்ளன. வீட்டுமொழி மலாய், வழிபாடு சைவம், உடை சாரோங்கும் கெபாயா மேற்சட்டையும். தமிழ் பேசாத அந்தத் தமிழ் வழியினர், பொங்கல் கொண்டாடிவிட்டு மலாயில் பந்தூன் பாடுவதைக் கேட்டால், பந்தூன் எந்த இனத்துக்குச் சொந்தம் என்ற கேள்வியைக் கொஞ்சம் மெதுவாகவே எழுப்பத் தோன்றும்.

ஐந்தாம் படி: கீழிருந்து மேலே கட்டுங்கள்

இப்போது சொந்தமாக ஒன்று. ஒரு விருந்துக்கு அழைத்த வீட்டாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலடியை யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் மக்சூட், அதாவது பின்னிரண்டு அடிகள். சாதாரணப் பேச்சு மலாயில் சொல்ல வந்ததைச் சொல்லி, பிறகு அசையைச் சரிசெய்யுங்கள்:

தெரிமா காசே ஜெம்புத் கெ சினி,
பூடி துவான் தெத்தாப் டிகெனாங்.

இங்கே அழைத்தமைக்கு நன்றி, தங்கள் நன்மனம் என்றும் நினைக்கப்படும். முதலாவது பத்து அசை, இரண்டாவது ஒன்பது. இப்போது ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ‘னி’ என்று முடியும் சொற்களை ஒன்றிலும், ‘னாங்’ என்று முடியும் சொற்களை மற்றதிலும் எழுதுங்கள். தானி, பெரானி, இனி என்று ஒரு பக்கம். தெனாங், பெனாங், செனாங் என்று மறுபக்கம். நடு ஓசைக்காகக் காசே என்பதோடு ஒன்றும் சொல்லையும், துவான் என்பதோடு ஒன்றும் சொல்லையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுவார்கள். ‘மாக்கான் ரோத்தி டி கெடாய் இனி’ என்று எழுதிவிடலாம். இந்தக் கடையில் ரொட்டி சாப்பிட்டேன் என்று பொருள். இயைபு சரி, அசையும் ஒன்பது. கேட்பவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். ஆனால் ரொட்டிக்கும் நன்றிக்கும் எந்த உறவும் இல்லை; கேட்டவர் நெஞ்சில் ஏதும் தங்காது. தெருவை, கொல்லையை, ஆற்றை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டு, நன்றியுணர்வுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய காட்சி எது என்று தேடுங்கள். காசே என்பதோடு ஒன்றும் செலாசே கையிலேயே இருக்கிறது. அன்பின் செடி அது. துவான் என்பதோடு ஹூஜான், மழை, ஒன்றுகிறது. பெருமழை ஓய்ந்த பிறகு ஆறு தெளிந்து அடங்குவது, விருந்து முடிந்து மனம் நிறைந்த நிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

பெலி செலாசே டி பாசார் தானி,
ரெடா ஹூஜான் சுங்ஙாய் புன் தெனாங்;
தெரிமா காசே ஜெம்புத் கெ சினி,
பூடி துவான் தெத்தாப் டிகெனாங்.

உழவர் சந்தையில் செலாசே வாங்கினேன், மழை ஓய்ந்து ஆறும் அமைதியாயிற்று. எண்ணிப் பாருங்கள்: பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. செலாசே – காசே, ஹூஜான் – துவான் என்று நடு ஓசையும், தானி – சினி, தெனாங் – டிகெனாங் என்று இறுதி ஓசையும் ஒன்றுகின்றன. இது காலத்துக்கும் நிற்கும் பந்தூன் என்று சொல்ல மாட்டேன்; ஒரு விருந்தில் எழுந்து நின்று சொல்லத் தகுந்தது என்று சொல்வேன்.

கட்டி முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முன்பாதியை மட்டும் படித்தால் அது நடக்கக்கூடிய காட்சியாக இருக்க வேண்டும். இயைபுக்காகக் கடலில் நெல் விதைக்கக் கூடாது. பின்பாதியை மட்டும் படித்தால், சொல்ல வந்தது ஒரு சொல்லும் குறையாமல் இருக்க வேண்டும். அதன்பின் மலாய் நண்பரிடம் காட்டித் திருத்தம் கேளுங்கள். செம்பெடாக் பந்தூனைச் சொல்லிவிட்டுக் காட்டினால், திருத்துபவர் உற்சாகமாகத் திருத்துவார்.

நாலடி இன்னும் கைவராதவர்களுக்கு இரண்டடிப் பந்தூன் இருக்கிறது; ஓரடி பெம்பாயாங், ஓரடி மக்சூட். ‘பெச்சா காச்சா பெச்சா கெலாஸ், லெப்பாஸ் பாச்சா ஹாராப் பாலாஸ்’ என்று பள்ளிப் பிள்ளைகள் கடித முடிவில் எழுதிய தலைமுறை ஒன்று உண்டு. கண்ணாடி உடைந்தது, கிளாசும் உடைந்தது. படித்ததும் பதில் போடு. விளையாட்டுதான்; ஆனால் எட்டெட்டு அசையில் நடு ஓசை, இறுதி ஓசை இரண்டும் பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது.

ஆறாம் படி: ஆளறிந்து சொல்லுங்கள்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரர் யார் என்பதற்கு இஸ்லாம் சமயம், மலாய் மொழி, மலாய் வழக்கம் ஆகிய மூன்றையும் அடையாளமாகச் சொல்கிறது. சட்டம் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகும் அந்த மூன்றாவதை, ஆடாட் எனப்படும் வழக்கத்தை, அன்றாட வாழ்வில் நேருக்கு நேர் பார்ப்பது பேச்சு முறையில்தான். பெரியவரை மறுக்க வேண்டுமா, கடனை நினைவூட்ட வேண்டுமா, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று தெரிவிக்க வேண்டுமா, எதையும் முகத்தில் அடித்தாற்போல் சொல்வது பண்பாகாது. முதலில் சுற்றிலும் இருக்கும் ஒன்றைப் பேசி, பிறகு விஷயத்துக்கு வருவார்கள். பந்தூனின் இரு பாதிகள் இந்த நாகரிகத்தின் அச்சு. ஆகவே சொல்லுகிறவர் இந்த மரியாதையை மீறினால், இயைபு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் பயனில்லை.

பந்தூன்களைக் குழந்தைகளுக்குரியவை, இளையோருக்குரியவை, முதியோருக்குரியவை என்று பிரிப்பது மரபு. இளையோருக்குரியவற்றில் காதலும் கேலியும் மிகுதி. முதியோருக்குரியவை அறிவுரை, வழக்கம், சமயம் பற்றியவை. இணையத்தில் அழகாக இருக்கிறது என்று எடுத்த காதல் பந்தூனை மேலாளரின் மனைவி முன்னிலையில் சொல்வது வம்பு. ‘சாயாங்’ (அன்பே), ‘ஆடிக்’ (தங்கையே), ‘ஆபாங்’ (அண்ணா) என்று விளிக்கும் பந்தூன்களை வேற்றாள் முன்னால் தவிருங்கள். விளி தேவையென்றால் துவான் (ஐயா), புவான் (அம்மா), அல்லது வயதுக்கேற்பப் பாக் சிக், மாக் சிக் போதும். ‘காவ்’ என்ற ஒருமை முன்னிலை நெருங்கிய நண்பருக்கு மட்டும். சமயச் சொற்களைப் புதியவர்கள் விளையாட்டாகக் கையாளாமல் இருப்பதே நல்லது. மந்திரச் சொற்களாகிய மந்தெராவும் ஓசை நயத்தில் பந்தூன் போலவே ஒலிக்கும். அதைக் கேட்டுப் பாவனை செய்து காட்டினால் வயதானவர்கள் மனம் சங்கடப்படும்.

மேடையில் சொல்வதானால், முதலில் அவையில் உள்ள பட்டம் பெற்றவர்களை, தான் ஸ்ரீ, டத்தோ, டத்தின் என்று வரிசைப்படி விளித்து, ‘சாலாம் செஜாத்தெரா’ என்று வணக்கம் கூறி, பிறகு பந்தூனுக்கு வாருங்கள். ஒவ்வோர் அடியின் நடுவிலும் சிறு நிறுத்தம் தர வேண்டும்: ‘பெலி செலாசே’ – நிறுத்தம் – ‘டி பாசார் தானி’. இரண்டாம் அடி முடிந்ததும் ஒரு முழு மூச்சு இடைவெளி விடுங்கள். அவசரப்பட்டு நான்கையும் ஒரே மூச்சில் கொட்டினால், அவையினர் ஊகித்துப் பார்க்க இடமே இராது. தாளைப் பார்த்துப் படிப்பதைவிட, ஒரு சொல் தடுமாறினாலும் மனப்பாடமாகச் சொல்வதை மலாய் அவை அன்போடு ஏற்றுக்கொள்ளும். இந்தோனேசியாவில் ஒவ்வோர் அடிக்கும் அவையினர் ‘சாக்கெப்!’ (அருமை!) என்று குரல் கொடுப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். மலேசியாவின் முறைசார்ந்த நிகழ்ச்சிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: பதில் சொல்லுங்கள்

பந்தூனை விற்பது, வாங்குவது என்று மலாயில் சொல்வார்கள். முதலில் சொல்பவர் விற்கிறார்; பதில் சொல்பவர் வாங்குகிறார். பெர்பாலாஸ் பந்தூன் என்ற இந்த மாற்றுப் போட்டி பள்ளிகளில் அணி அணியாக நடக்கிறது. அவையில் யாராவது உங்களை நோக்கி ஒன்றை விற்றுவிட்டால், வாங்காமல் உட்கார்ந்திருப்பது அழகல்ல. புதியவருக்கு ஓர் எளிய உபாயம்: அவர் முன்பாதியில் பயன்படுத்திய பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழையைச் சொன்னால் நீங்களும் வாழையில் தொடங்கலாம். அவர் படகைக் கரை சேர்த்தால் நீங்கள் அதைக் கட்டிவைக்கலாம். பொருளில் அவருடைய கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்; அசை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இந்த இடத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒன்றுமே தோன்றவில்லையென்றால், முன்பே கட்டி மனப்பாடம் செய்துவைத்த நன்றிப் பந்தூனைச் சொல்லி அமர்ந்துவிடலாம். அனுபவசாலிகளும் சட்டைப்பையில் இரண்டு மூன்றைத் தயாராக வைத்திருப்பவர்கள்தான்.

இந்த அளவுக்குக் கைவந்தவர்கள் அடுத்து முயலவேண்டியது பந்தூன் பெர்காயிட், தொடர்ப் பந்தூன். முதற்பாட்டின் இரண்டாம், நான்காம் அடிகள் அப்படியே அடுத்த பாட்டின் முதல், மூன்றாம் அடிகளாக வரவேண்டும். அந்தாதி அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கிலி உடனே பிடிபடும். 1829இல் விக்தோர் ஹியூகோ தம் கவிதைத் தொகுப்பின் குறிப்புகளில், எர்னெஸ்ட் ஃபுவினே மொழிபெயர்த்த ஒரு தொடர்ப் பந்தூனைச் சேர்த்து வெளியிட்ட பிறகு, பிரெஞ்சுக் கவிஞர்கள் இந்த வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். பாந்தூம் என்ற பெயரில் அது இன்றும் மேற்கில் எழுதப்படுகிறது. பயிற்சிக்கு மேலே கட்டிய நன்றிப் பந்தூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரெடா ஹூஜான் சுங்ஙாய் புன் தெனாங்’ முதலடி, ‘பூடி துவான் தெத்தாப் டிகெனாங்’ மூன்றாமடி என்று எழுதி, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் இடம் விடுங்கள். மழை ஓய்ந்து தெளிந்த ஆற்றில் அடுத்து என்ன தென்படும் என்பதை இரண்டாம் அடியில் வைத்து, விருந்தளித்தவருக்கு இன்னும் சொல்ல மிச்சமிருப்பதை நான்காம் அடியில் வையுங்கள். இறுதி ஓசையை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.